வல்லூறு இருக்க வேண்டிய இடத்தில்

நான் முதலில் பார்த்தது ஒரு கல்லின் படம். சாம்பல் நிறக் கருங்கல். ஓர் ஆளின் மார்பளவு உயரம் இருக்கும், உச்சி வளைந்திருக்கிறது. அதில் ஒரு நீளப் பெட்டி செதுக்கப்பட்டிருக்கிறது. பெட்டியின் கீழ்ப்பாதியில் மேலிருந்து கீழாகக் கோடுகள், மேல்பாதியில் சில எழுத்துகள். பெட்டியின் தலைமேல் ஒரு விலங்கு. நாயா கழுதையா என்று சொல்ல முடியாத விலங்கு.

அந்தக் கல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஜோடி கெய்ரோவில் இருக்கிறது. இரண்டும் ஒரே கல்லறைக்கு முன்னால் நின்றவை. அந்தக் கல்லறையில் அடக்கமானவன் பெயர் பெரிப்சென். இன்றைக்குச் சுமார் 4700 ஆண்டுகளுக்கு முன், பிரமிடு என்ற ஒன்று எகிப்தில் எழும்புவதற்கு முன், இரண்டாம் வம்சத்தில் ஆண்ட ஓர் அரசன். பாரோ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தச் சொல்லுக்கு 'பெரிய வீடு' என்று பொருள். அரண்மனையைக் குறித்த அந்தச் சொல் அரசனைக் குறிக்கத் தொடங்கியது பெரிப்செனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

அந்தப் படத்தை நான் மூடவே இல்லை. சில வருடங்களாகவே இந்த மனிதனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கிடைப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தின் மேல் கட்டப்பட்ட கதையோ மிகப் பெரியது. அந்தக் கதையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. அதற்கு செரெக் என்று பெயர். பெட்டி என்பது அரண்மனை. கோடுகள் அதன் முன்சுவரில் உள்ளே போயும் வெளியே வந்தும் அமைந்த செங்கல் மாடங்கள். அரண்மனைக்குள் அரசனின் பெயர் இருக்கும், அரண்மனையின் மேல் வல்லூறு உட்கார்ந்திருக்கும். வல்லூறு ஹோரஸ் கடவுள். இந்த வீட்டில் இருக்கிற இந்தப் பெயருக்குரியவனிடம் ஹோரஸ் இறங்கியிருக்கிறார் என்று அதைப் பார்த்தவுடன் புரிந்துவிடும், எழுத்துத் தெரியாதவனுக்கும். நார்மர், அஹா, ஜெர், தென் என்று முதல் வம்சத்து அரசர்கள் வரிசையாக இப்படித்தான் தங்கள் பெயரை எழுதினார்கள். இரண்டாம் வம்சத்தின் முதல் அரசர்களும் அப்படியே எழுதினார்கள்.

பெரிப்சென் வல்லூறை எடுத்துவிட்டு அங்கே சேத் என்ற இன்னொரு கடவுளின் விலங்கை வைத்தான். விறைத்து மேலே நிற்கும் வால், நுனி வெட்டினாற்போல் சதுரமான காதுகள், கீழே வளைந்த மூக்கு. இது எந்த விலங்கு என்று தேடிக் களைத்தவர்கள் பலர். உயிரோடு இருக்கும் எதனோடும் அது பொருந்தவில்லை. எகிப்தின் மூவாயிரம் ஆண்டு அரச வரலாற்றில் செரெக்கின் மேல் சேத்தை மட்டும் தனியாக வைத்தவன் இவன் ஒருவனே.

அவன் கல்லறை அபிடோஸில் இருக்கிறது. நைல் நதியின் மேற்குக் கரையில், பயிர் நிலம் முடிந்து பாலைவனம் தொடங்கியபின் இன்னும் உள்ளே போனால் உம் எல்-கஆப் என்ற இடம் வரும். 'பானைகளின் தாய்' என்று அரபியில் பொருள். மணல் தெரியாத அளவுக்கு ஓடுகள் கிடக்கும் இடம். முதல் வம்சத்து அரசர்கள் எல்லோரும் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள். இரண்டாம் வம்சம் வந்ததும் அந்த வழக்கம் மாறியது. ஹோதெப்செகெம்வியும் நைநெட்ஜெரும் வடக்கே சக்காராவில் பாறைக்கு அடியில் நீண்ட சுரங்க அறைகளைக் குடைந்து அங்கே போய்விட்டார்கள். பெரிப்சென் மறுபடி தெற்கே, பழைய அரசர்களின் இடத்துக்கே வந்து சேர்ந்தான்.

வந்து கட்டியது பெரிய கல்லறையும் இல்லை. ஏறக்குறைய 16 மீட்டருக்கு 13 மீட்டர். வெயிலில் காய்ந்த களிமண் செங்கல். நடுவில் ஓர் அறை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன சேமிப்பறைகள். பூச்சு வேலை அவசரத்தில் முடித்த மாதிரி இருக்கிறது. அதை ஒரு வீட்டின் வரைபடத்தோடு ஒப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. நடுக்கூடம், சுற்றி உள்ளறைகள்.

இந்த இடத்தை முதலில் தோண்டியவர் எமில் அமெலினோ என்ற பிரெஞ்சுக்காரர், 1890களின் பின்பாதியில். அவருக்கு வேண்டியது முழுசாக இருக்கும் அழகான பொருள்கள். உடைந்தவை, எழுத்துள்ள சிறு துண்டுகள், களிமண் கட்டிகள் எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. அவர் போன பிறகு 1899 முதல் 1901 வரை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி வந்து, அதே கல்லறைகளை மறுபடி தோண்டினார், குப்பைமேடுகளையும் சேர்த்து. எகிப்தின் முதல் இரண்டு வம்சங்களின் அரசர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தக் குப்பையிலிருந்து வந்தது. பெட்ரியின் முறைகளில் எனக்கு ஒப்பாதவை உண்டு. ஆனால் வேறொருவர் கொட்டிய மண்ணின் முன்னால் அவர் உட்கார்ந்து சலித்ததை நினைக்கும்போது மரியாதை வருகிறது. பிறகு ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தார் பல பருவங்கள் அதே இடத்தில் இன்னும் நுணுக்கமாக வேலை செய்தார்கள்.

அந்தக் களிமண் கட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிப்சென் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அவற்றில்தான்.

அந்தக் காலத்தில் ஒரு ஜாடியை மூடுவது என்றால் வாயை அடைத்து, அதன் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, களிமண் காய்வதற்குள் ஒரு சின்ன உருளையை அதன்மேல் அழுத்தி உருட்டுவார்கள். உருளையில் செதுக்கியிருப்பது களிமண்ணில் வரிசையாகப் பதியும். மூட்டையின் கயிற்று முடிச்சுக்கும், பெட்டிக்கும், சேமிப்பறைக் கதவின் தாழ்க்கயிற்றுக்கும் இதே முறைதான். இது யாருடைய சரக்கு, எந்த அதிகாரி பொறுப்பு, எந்தப் பண்டகசாலை என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். திறக்க வேண்டுமானால் களிமண்ணை உடைத்துத்தான் ஆகவேண்டும். உடைத்த துண்டை யாரும் எடுத்து வைப்பதில்லை, அங்கேயே போடுவார்கள். தங்கம் திருட்டுப் போனது, மரம் எரிந்தது, உடல் காணாமல் போனது. யாருக்கும் வேண்டாத இந்தக் களிமண் மட்டும் கிடந்தது.

அப்படிக் கிடந்த ஒன்றில் ஒரு வாக்கியம் இருக்கிறது.

எகிப்திய எழுத்து அதற்குள் பல நூற்றாண்டு வயதானது. ஆனால் அதுவரை எழுதப்பட்டவை எல்லாம் பெயர்கள், பட்டங்கள், ஊர்கள், எண்ணெயின் தரம், இந்த ஆண்டு இன்ன விழா என்ற குறிப்புகள். இன்றைய விலைச்சீட்டும் முகவரியும் மாதிரி. யார், என்ன செய்தார், எதை, யாருக்காக என்று எழுவாயும் வினையும் செயப்படுபொருளும் ஒன்றாக வந்து உட்கார்ந்த முதல் முழு வாக்கியம், நமக்குக் கிடைத்த வரையில், பெரிப்செனின் கல்லறையிலிருந்து வந்த ஒரு முத்திரைப் பதிவில்தான் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது சொல்வது ஏறக்குறைய இதுதான்: 'நூப்தின் கடவுள் இரு நாடுகளையும் தன் மகன், தென்வட நாடுகளின் அரசன் பெரிப்செனுக்காக ஒன்றாக்கினார்.'

நூப்த் என்பது நகாதாவுக்குப் பக்கத்தில் இருந்த ஊர். தங்க ஊர் என்று பொருள், கிரேக்கர்கள் ஓம்போஸ் என்றார்கள். அந்த ஊரின் கடவுள் சேத். 'ஒன்றாக்கினார்' என்று நான் எழுதியிருக்கும் வினையைச் சிலர் 'ஒப்படைத்தார்' என்று படிக்கிறார்கள். ஒரு வினைதான், ஆனால் அதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். ஒன்றாக்கினார் என்றால் அதற்கு முன் நாடு பிளந்திருந்தது என்று தோன்றும். ஒப்படைத்தார் என்றால் தகப்பன் சொத்து மகன் கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இந்த வாக்கியத்தில் பிடித்தது வேறு. இதைக் கோயில் சுவரிலோ வெற்றித் தூணிலோ செதுக்கவில்லை. ஒரு பண்டகசாலை அதிகாரி தினமும் களிமண்ணில் உருட்டிய உருளையில் இருந்தது. ஜாடி மூடும்போதெல்லாம் ஒரு தடவை, மூட்டை கட்டும்போதெல்லாம் ஒரு தடவை. ஈரக் களிமண் கையில் ஒட்டியிருக்க யாரோ ஒருவர் இந்த வாக்கியத்தை நூறு தடவை பதித்திருப்பார். வாய் பேசும்படியே எழுத்தும் பேசலாம் என்று எந்த எழுத்தருக்கு முதலில் தோன்றியதோ, அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்காக நான் வருந்துகிறேன்.

சரி, அந்தப் பெரிய கதைக்கு வருகிறேன்.

1922இல் பெர்சி நியூபெரி என்ற ஆங்கிலேய எகிப்தியலாளர் ஒரு வாதத்தை முன்வைத்தார். இரண்டாம் வம்சத்தில் சேத்தின் ஆட்கள் ஹோரஸின் ஆட்களுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள், பெரிப்சென் அந்தக் கலகத்தின் அரசன், அவன் வல்லூறைத் தூக்கியெறிந்து சேத்தை ஏற்றினான், பிறகு வந்த காசெகெம்வி நாட்டை மறுபடி வென்று இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தினான் என்பது அதன் சாரம். எட்ஃபு கோயிலின் சுவர்களில் ஹோரஸ் சேத்தைத் துரத்தித் துரத்தி அடிக்கும் நீண்ட கதை இருக்கிறது. அது இந்தப் போரின் பழைய நினைவு என்றார் அவர்.

கேட்பதற்கு என்ன அருமையான கதை! மதப் போர், துரோகி அரசன், மீட்பவன், சமாதானம். அதனால்தான் இன்றுவரை அது உயிரோடு இருக்கிறது. பெரிப்சென் என்று தேடிப் பாருங்கள், மதம் மாறிய அரசன் என்ற அடைமொழி கூடவே வரும். ஒரே கடவுளை மட்டும் ஏற்ற பிற்கால அரசன் அகனாதெனுக்கு முன்னோடி என்று எழுதுகிறவர்களும் உண்டு.

ஆனால் எட்ஃபு கோயில் கட்டப்பட்டது கிரேக்க வம்சத்து தாலமிகள் காலத்தில். பெரிப்செனுக்கும் அந்தச் சுவர்களுக்கும் நடுவில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தூரம். அவ்வளவு காலம் கழித்துச் செதுக்கிய ஒரு புராணத்தை ஒரு குறிப்பிட்ட அரசனின் தலையில் கொண்டுபோய் இறக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதைவிட முக்கியமானது, சேத் அப்போது கெட்டவர் இல்லை. நமக்கு சேத் என்றாலே அண்ணன் ஒசிரிஸ் கடவுளைக் கொன்று துண்டுதுண்டாக வெட்டிய தம்பி நினைவுக்கு வருகிறார். ஆனால் ஒசிரிஸ் என்ற பெயரே எழுத்தில் நமக்குத் தெளிவாகக் கிடைக்கத் தொடங்குவது ஐந்தாம் வம்சத்தில், பெரிப்செனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. முதல் வம்சத்து அரசிகளுக்கு ஒரு பட்டம் இருந்தது: 'ஹோரஸையும் சேத்தையும் காண்பவள்'. அவள் காண்பது தன் கணவனை, அரசனை. அரசன் என்றால் இரண்டு பேரும் சேர்ந்தவன் என்பது அந்த வீட்டுப் பெண்ணின் பட்டத்திலேயே இருக்கிறது. சேத் முற்றிலும் தீயவராக்கப்பட்டது மிகப் பிற்காலத்தில், கி.மு. முதல் ஆயிரத்தில். பெரிப்செனின் காலத்தில் அவர் நூப்தின் தெய்வம், தெற்கத்தி மக்களின் பழைய தெய்வம், வலிமையுள்ளவர். ஒரு தெற்கத்தி அரசன் அவரைத் தன் பெயர்மேல் வைத்தான் என்றால் அதில் வியப்பு உண்டு. பாவம் எங்கே இருக்கிறது?

பெரிப்சென் மற்ற தெய்வங்களை ஒழித்ததாகவும் தெரியவில்லை. அவன் கல்லறையிலிருந்து வந்த முத்திரைகளில் ஆஷ் என்ற தெய்வம் செங்கோலோடு நிற்கிறது. மின், பாஸ்தெத் போன்ற தெய்வங்களின் பெயர்களும் அந்தக் காலத்துப் பொருள்களில் தொடர்கின்றன. ஒரே தெய்வம்தான் என்று பிடிவாதம் பிடித்தவனுடைய சரக்கறை இப்படி இருக்காது. அப்புறம் அவன் பெயர். பெரிப்சென் என்பதன் கடைசி அசையான 'சென்' என்பது 'அவர்களுடைய' என்ற பன்மை ஒட்டு. 'அவர்களுடைய உள்ளத்திலிருந்து வெளிவந்தவன்' என்பது போன்ற பொருள் சொல்கிறார்கள். அவர்கள் யார்? சேத் ஒருவரையே வணங்கினவன் என்றால் அந்தப் பெயரில் ஒருமை இருந்திருக்க வேண்டாமா? அந்தப் பன்மையில் ஹோரஸும் உண்டு என்று சொல்பவர்களோடுதான் நான் நிற்கிறேன்.

நாடு பிரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி. பிரிந்திருக்கலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. நைநெட்ஜெர் நெடுங்காலம் ஆண்டவன். அவனுடைய ஆண்டுகள், பழைய அரசர்களின் ஆண்டுக் குறிப்புகளைச் செதுக்கிய பலெர்மோ கல்லில் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, கடவுளர் விழாக்கள், ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் அந்த ஆண்டு நைல் வெள்ளம் எத்தனை முழம் உயர்ந்தது என்ற அளவு. அவனுக்குப் பிறகு வெனெக், செனெத் என்று வரும் பெயர்களின் தடயம் வடக்கே சக்காராவைச் சுற்றியே கிடைக்கிறது. பெரிப்செனின் பொருள்களோ தெற்கே கிடைக்கின்றன. அபிடோஸ் மட்டுமல்ல, நாட்டின் தென்கோடியில் எலிஃபன்டைன் தீவில்கூட அவன் முத்திரைப் பதிவு கிடைத்திருக்கிறது. தெற்கை ஒருவனும் வடக்கை இன்னொருவனும் ஆண்டிருக்கலாம். நைநெட்ஜெரே பங்கு பிரித்துக் கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை நடப்பதெல்லாம் கலகம் ஆகிவிடுமா? தெற்குப் பங்கு கைக்கு வந்தவன் தெற்கத்தி தெய்வத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டான் என்று எளிமையாகவும் படிக்கலாம். எனக்கு அந்த வாசிப்பில்தான் மனம் நிற்கிறது.

இதற்கு நடுவில் செகெமிப் என்று ஒருவன் வருகிறான். பெரிப்செனின் கல்லறை வாசலில் கிடைத்த களிமண் பதிவுகளில் அவன் பெயர் இருக்கிறது, தலைமேல் வல்லூறு இருக்கிறது. இவனும் பெரிப்செனும் ஒரே ஆள், முதலில் ஹோரஸ் பெயரோடு ஆண்டுவிட்டு நடுவில் சேத்துக்கு மாறினான் என்பது பழைய ஊகம். மதம் மாறிய அரசன் என்ற கதைக்கு இது வசதியாக இருந்தது. ஆனால் முதல் வம்சத்தின் கடைசிப் பெரிய அரசன் காஆவின் கல்லறை வாசலில் ஹோதெப்செகெம்வியின் முத்திரைகள் கிடைத்திருக்கின்றன. அங்கே யாரும் இருவரையும் ஒரே ஆள் என்று சொல்வதில்லை. போனவரை அடக்கம் செய்து கதவை மூடி முத்திரை வைப்பது அடுத்து வந்தவரின் கடமை. செகெமிப் அந்தக் கடமையைச் செய்தவன் என்றே கொள்கிறேன். தலைமேல் சேத்தை வைத்திருந்தவனை, வல்லூறை வைத்திருந்தவன் முறைப்படி அடக்கம் செய்து, கதவுக்கு முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பகையாளி இதைச் செய்வானா?

பிற்காலத்து எகிப்தியர்கள் பெரிப்செனை என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் மனம் கனக்கிறது.

அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் சுவரில் 76 அரசர்களின் பெயர் வரிசை இருக்கிறது. பெரிப்செனுக்கு ஏறக்குறைய 1400 ஆண்டுகள் பிந்தியது. அதில் இரண்டாம் வம்சத்தின் கடைசியில் செந்தி, அதாவது செனெத், அடுத்து ஜாஜாய், அதாவது காசெகெம்வி. நடுவில் பெரிப்சென் இல்லை. அந்தச் சுவரிலிருந்து அவன் கல்லறை பாலைவனத்துக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். சேத்தி என்ற பெயருக்கே 'சேத்தைச் சேர்ந்தவன்' என்றுதான் பொருள். ஆனால் அதற்குள் அபிடோஸ் ஒசிரிஸின் ஊர் ஆகிவிட்டது. உம் எல்-கஆபில் இருந்த ஜெர் அரசனின் கல்லறையை ஒசிரிஸின் சமாதி என்று நம்பி, மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பானையில் படையல் வைத்தார்கள். அந்த ஓடுகள்தான் 'பானைகளின் தாய்'. ஒசிரிஸின் ஊரில் அவரைக் கொன்றவரின் விலங்கை எழுதக்கூடாது என்று, அந்தக் கோயிலில் சேத்தி தன் பெயரிலேயே சேத் குறிக்குப் பதில் வேறு குறியைப் போட்டு எழுதச் செய்தான். சொந்தப் பெயரிலேயே அந்த விலங்கைத் தவிர்த்தவனின் சுவரில், அதைத் தலைமேல் வைத்தவனுக்கு எப்படி இடம் இருந்திருக்கும்?

தூரின் நகரில் உள்ள அரசர் பட்டியல் பாப்பிரஸிலும், சக்காராவில் துநெரோய் என்பவரின் கல்லறையில் இருந்த பட்டியலிலும் இதே இடத்தில் வேறொன்று நடந்திருக்கிறது. காசெகெம்விக்குச் சற்று முன்னால் ஹுஜெஃபா என்ற அரசன் வருகிறான். சக்காராவில் அரசர் பெயருக்குரிய வளையமெல்லாம் போட்டிருக்கிறது. தூரினில் அவன் ஆண்ட காலம்கூட இருக்கிறது. ஆனால் ஹுஜெஃபா என்பது பெயரே இல்லை. 'அழிந்துபோயிருக்கிறது', 'விடுபட்டிருக்கிறது' என்று பொருள் தரும் சொல். ஏதோ ஒரு பழைய ஏட்டில் அந்த இடம் அழிந்திருந்தது. நகல் எடுத்தவர் நேர்மையாக 'அழிந்திருக்கிறது' என்று எழுதி வைத்தார். அதைப் பார்த்து நகல் எடுத்த அடுத்தவர் அதை ஓர் அரசனின் பெயராக எழுதிவிட்டார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் பழைய நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் சில மாதங்கள் இருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர் பட்டா நகலை நீட்டி, "இந்தச் செல்லரத்தினம் யாருங்க? எங்க வகையறால அப்படி யாரும் கிடையாது" என்று கேட்டார். மூன்று ஏடுகள் பின்னால் போய்த் தேடினோம். மூல ஏட்டில் அந்தப் பக்கத்தின் ஓரம் கறையான் தின்றிருந்தது. அடுத்து நகல் எடுத்தவர் பெயர்க் கட்டத்தில் 'செல்லரித்தது' என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த நகலில், எழுதியவர் கைப்பிழை என்று நினைத்துத் திருத்தியதாலோ என்னவோ, அது செல்லரத்தினம் ஆகியிருந்தது. அந்த நிலம் பெரியவரின் பாட்டியின் பெயரில் இருந்த நிலம். பாட்டி போய், இல்லாத ஓர் ஆள் நாற்பது ஐம்பது வருடம் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் பாட்டியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றது இப்போதும் காதில் இருக்கிறது.

ஹுஜெஃபா என்ற அந்த ஓட்டைக்குள் இருந்தது பெரிப்சென்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. செகெமிப்பாகவும் இருக்கலாம். ஆனால் பட்டியல்களில் எந்தப் பெயரிலும் பிடிபடாத பெரிப்செனுக்குப் பொருந்தி வருகிற இடம் அது. இல்லாத அரசனுக்கு ஆட்சிக் காலம்கூட எழுதப்பட்டது. இருந்தவனுக்குப் பெயரும் மிஞ்சவில்லை.

காசெகெம்வியைப் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் அவன் பெயர் காசெகெம், 'வலிமை தோன்றியது'. ஹியராகோன்போலிஸில் கிடைத்த அவனுடைய இரண்டு சிலைகளின் அடிப்பீடத்தில் வடக்கத்தி எதிரிகள் முறுக்கிக்கொண்டு விழுந்து கிடக்கிறார்கள். கொல்லப்பட்டவர்கள் 47,209 பேர் என்று ஒன்றில் எண் இருக்கிறது. பிறகு அவன் காசெகெம்வி ஆனான், 'இரண்டு வலிமைகள் தோன்றின'. செரெக்கின் மேல் வல்லூறும் சேத்தின் விலங்கும் எதிரெதிரே நிற்கின்றன. கூடவே 'இரு தலைவர்களும் அவனுள் அமைதி கொண்டனர்' என்ற தொடரும் சேர்ந்தது. அபிடோஸில் அவன் கட்டிய செங்கல் கோட்டம், சூனத் எல்-செபிப், இன்றும் பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. போர் நடந்தது உண்மைதான். ஆனால் போர் வடக்கத்தியரோடு என்று அந்தச் சிலைகளே சொல்கின்றன. தெற்கத்தி பெரிப்சென் அதில் எங்கே எதிரியாக வருகிறான்? 'இரண்டு வலிமைகள்' என்ற பேச்சும் இவனோடு தொடங்கியது இல்லை. வம்சத்தின் முதல் அரசன் ஹோதெப்செகெம்வியின் பெயருக்கே 'இரண்டு வலிமைகளும் அமைதியாயின' என்றுதான் பொருள்.

பெரிப்செனை வெறுத்து ஒதுக்கினார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஷேரியைக் காட்டுவேன்.

ஷேரி நான்காம் வம்சத்து மனிதர். கீஸாவில் பெரிய பிரமிடுகள் எழும்பிய காலம். பெரிப்சென் செத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஷேரியின் கல்லறை சக்காராவில் இருந்தது. அதன் கல் பலகைகள் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. ஒன்று 17ஆம் நூற்றாண்டிலேயே, சித்திர எழுத்தை உலகத்தில் யாருமே படிக்கத் தெரியாத காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கல்லறையில் ஷேரியின் வேலை என்ன என்று எழுதியிருக்கிறது: அரசன் செனெத்தின் இடுகாட்டில் பெரிப்செனின் பூசாரிகளுக்குத் தலைவர்.

வடக்கத்தி அரசன் செனெத்தின் இடுகாட்டில், தெற்கத்தி அரசன் பெரிப்செனுக்குப் பூசை. ஒரு பூசாரி மட்டும் இல்லை, பூசாரிகள். அவர்களை மேற்பார்க்க ஒரு தலைவர், அவருக்கு இதுதான் உத்தியோகம், இதைத் தன் கல்லறையில் பெருமையாகச் செதுக்கிக்கொள்ளும் அளவுக்கு. இப்படி நடக்க வேண்டுமென்றால் மானியமாக நிலம் இருந்திருக்க வேண்டும், அதிலிருந்து தானியம் வந்திருக்க வேண்டும், யாரோ மாவரைத்து ரொட்டி சுட்டு, பீர் ஊறவைத்து, ஜாடியில் ஊற்றி, வாயைக் களிமண்ணால் மூடியிருக்க வேண்டும். நாள் தவறாமல் அவன் பெயரைச் சொல்லி அதை இறக்கி வைத்திருப்பார்கள். ரொட்டி, பீர், மாட்டிறைச்சி, கோழி, துணி, எண்ணெய்.